எச்.ஐ.வி. உள்ள தாயின் குழந்தையைக் காத்தல்

ஒரு கிராமத்தின் முன்னேற்றத்தை அளப்பதற்குப் பல அளவுகோல்கள் உண்டு. சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், பாசன வசதி ஆகியவை கண்ணுக்குத் தெரிவன. ஆயினும், அக்கிராமத்தில் பிறக்கும் குழந்தைகளுள் எத்தனை குழந்தைகள் நலமாக வளர்ந்து பள்ளிக்கூட வாயிலை மிதிக்கின்றன என்பதே எல்லாவற்றிலும் உண்மையான அளவுகோல் எனலாம். இவ்வாறு காக்கப்பட வேண்டிய குழந்தைகளுள் எச்.ஐ.வி. கிருமி தொற்றிய தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளும் அடங்கும். இக்குழந்தைகளைப் பற்றி ஊரார் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பேச நேர்ந்தாலும், "அந்தக் குழந்தை தங்காது" என்று முன்கூட்டியே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இத்தீர்ப்பு தவறானது என்பதையும், இக்குழந்தைகள் பிழைத்து வளர்வதற்குப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் செய்யக்கூடியவை யாவை என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ஆம் ஆண்டில், நமது சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வின் பயனாக அது வெளிப்பட்டது. அதன் பின்னர், கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் தொற்றுக் காணப்பட்ட ஆறு மாநிலங்களுள் ஒன்றாகத் தமிழ்நாடு பல ஆண்டுகள் எண்ணப்பட்டு வந்தது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டது. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் கூட்டு மருந்து சிகிச்சையை அரசாங்கம் இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் அதனை முதலில் வழங்கிய இடங்களுள் ஒன்றாயிற்று. பரிசோதனையும் ஆலோசனையும் வழங்கும் 'நம்பிக்கை மையம்' என்னும் பெயர் இன்று நம் மாவட்டங்களில் பலரும் அறிந்ததே.

கிருமி சேயை அடையும் காலங்கள்

தாயிடமிருந்து குழந்தைக்கு இக்கிருமி மூன்று காலங்களில் செல்லக்கூடும். குழந்தை கருவில் இருக்கும் காலம் ஒன்று; பிரசவ வேளை மற்றொன்று; தாய்ப்பால் பருகும் காலம் மூன்றாவது. தொடுவதாலோ, மடியில் வைத்துக் கொஞ்சுவதாலோ, ஒரே தொட்டிலில் கிடத்துவதாலோ, ஒரே தட்டில் உணவு ஊட்டுவதாலோ இது பரவுவதில்லை.

மருத்துவ உதவி சிறிதும் கிடைக்காத நிலையிலும், தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகள் அனைத்தையும் கிருமி பற்றுவதில்லை. நூறு குழந்தைகளுள் 15 முதல் 45 வரையிலான குழந்தைகளையே அது பற்றும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தாய்க்கும் சேய்க்கும் உரிய காலத்தில் மருந்து கொடுத்துவந்தால், தாய்ப்பால் ஊட்டும் தாய்மாரிடையேயும் இத்தொகையை நூற்றுக்கு 5-க்கும் கீழே கொண்டுவந்துவிடலாம்.

இந்நிலையை மருத்துவம் ஒரே நாளில் எட்டிவிடவில்லை. 1994-இல் அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் நடந்த ஆய்வில், ஜிடோவுடின் என்னும் மருந்தைக் கர்ப்பிணிக்கும் பிறந்த குழந்தைக்கும் கொடுத்தபோது, தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. 1999-இல் உகாண்டா நாட்டில், பிரசவ வேளையில் தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரையும், பிறந்த குழந்தைக்கு ஒரு வேளை மருந்தும் கொடுத்த அளவிலேயே தொற்று ஏறத்தாழப் பாதியாயிற்று. செலவு குறைந்த இம்முறையே ஏழை நாடுகளுக்கு வழிகாட்டியது. நம் நாட்டிலும் சில ஆண்டுகள் கையாளப்பட்டது. ஆனால் ஒரு வேளை மருந்து தாயின் உயிரைக் காப்பதில்லை. ஆகவே, 2014-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி முதல், தொற்றுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் வாழ்நாள் முழுவதும் கூட்டு மருந்து வழங்கும் முறை இந்தியாவெங்கும் ஏற்கப்பட்டது.

இம்மருந்து கிருமியை உடலிலிருந்து அறவே நீக்கிவிடுவதில்லை. அது பெருகாமல் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைப் பரிசோதனைக்கும் எட்டாத அளவுக்குக் குறைத்துவிடுகிறது. தாயின் இரத்தத்தில் கிருமி அடங்கியிருந்தால் சேய்க்குச் செல்லும் வாய்ப்பும் மிக அரிதாகிறது. இவ்வாறு அடங்குவதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். வெள்ளம் வந்தபின் ஏரிக்கரையைப் பலப்படுத்த முடியாது என்பதை விவசாயிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பிரசவ நாளுக்கு மிக முன்னதாகவே சிகிச்சை தொடங்குவது அவசியம் என்பதும் அத்தகையதே.

முதற்படி: பரிசோதனை

ஆகவே, கர்ப்பமுற்ற ஒவ்வொரு பெண்ணும் முதல் மூன்று மாதங்களுக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்போது செய்யப்படும் இரத்தப் பரிசோதனைகளுள் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஒன்று. இது இலவசமானது, பெண்ணின் சம்மதத்துடன் செய்யப்படுவது, முடிவு இரகசியமாக வைக்கப்படுவது.

கணவனும் பரிசோதனை செய்துகொள்வது மிக நன்று. முதற் பரிசோதனையில் தொற்றில்லை என்று அறியப்பட்ட பெண், கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ கணவனிடமிருந்து தொற்றைப் பெறக்கூடும். புதிதாகத் தொற்றிய நாட்களில் கிருமி உடலில் மிகுதியாக இருக்குமாதலால், அக்காலத்தில் குழந்தைக்கு அது செல்லும் அபாயமும் மிகுதி. மனைவியைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுத் தான் விலகி நிற்கும் கணவன், தன் குழந்தைக்கு ஆற்ற வேண்டிய கடமையில் பாதியையே செய்தவனாகிறான்.

பிறந்த குழந்தைக்குச் செய்ய வேண்டியவை

பிரசவம் மருத்துவமனையிலேயே நடைபெற வேண்டும். குழந்தை பிறந்த சில மணி நேரத்திற்குள் தடுப்பு மருந்துப் பானம் கொடுக்கத் தொடங்குவர். குறைந்தது ஆறு வாரங்களுக்கு இதனைத் தவறாமல் கொடுத்துவருதல் வேண்டும். தாய் மிகத் தாமதமாகச் சிகிச்சை தொடங்கியிருந்தால் காலம் நீட்டிக்கப்படும். வேறொரு மருந்தும் சேர்க்கப்படலாம்.

ஆறாவது வாரத்தில் இரண்டு காரியங்கள் நடைபெற வேண்டும். முதலாவது, கோட்ரைமாக்சசோல் என்னும் மருந்தைத் தொடங்குதல். தொற்றுள்ள குழந்தைகளைச் சில மாத வயதிலேயே கொன்றுவிடும் ஒருவகை நுரையீரல் காய்ச்சலை இது தடுக்கிறது. மிக மலிவான இம்மருந்தின் ஆற்றலை ஜாம்பியா நாட்டில் நடந்த ஆய்வு 2004-இல் காட்டியது. தொற்றுள்ள குழந்தைகளுள் இம்மருந்து பெறாதவற்றில் நூற்றுக்கு 42 இறந்தன. பெற்றவற்றில் 28 இறந்தன.

இரண்டாவது, குழந்தையின் இரத்தப் பரிசோதனை. இங்கு ஒரு விவரத்தை எல்லோரும் அறிந்துகொள்ளுதல் நலம். சாதாரணப் பரிசோதனை கிருமியை நேரே காண்பதில்லை. கிருமியை எதிர்த்து உடலில் தோன்றும் எதிர்ப்புப் பொருளையே காண்கிறது. தாயின் உடலிலுள்ள எதிர்ப்புப் பொருள் கருவிலேயே குழந்தைக்கும் சென்றுவிடுகிறது. பதினெட்டு மாதம் வரையிலும் அது தங்கியிருக்கக்கூடும். ஆதலால், தொற்றே இல்லாத குழந்தைக்கும் சாதாரணப் பரிசோதனை தொற்று உள்ளதாகக் காட்டலாம். இதனை அறியாமல் சில குடும்பங்கள் நம்பிக்கை இழந்து, மருந்தையும் ஊட்டத்தையும் கைவிட்டுவிடும் அபாயம் உண்டு. இக்குறையை நீக்கவே, குழந்தையின் குதிகாலிலிருந்து சில துளி இரத்தத்தைத் தாளில் ஊறவைத்து உலர்த்தி, ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பிக் கிருமியை நேரே காணும் முறை 2010-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஆறாவது வாரம், ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம் ஆகிய காலங்களில் பரிசோதனை செய்து, பதினெட்டாவது மாதத்தில் இறுதி முடிவு கூறப்படுகிறது.

ஆறாவது வாரத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? ஆப்பிரிக்காவில் நடந்த 7 ஆய்வுகளில் இடம்பெற்ற 3,468 குழந்தைகளின் விவரங்களை ஒன்றுதிரட்டி 2004-இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. குழந்தைகளுக்கு இச்சிகிச்சை கிடைக்காத காலத்து விவரங்கள் அவை. தொற்றிய குழந்தைகளுள் நூற்றுக்கு 35 ஓராண்டு முடிவதற்குள்ளும், 52 இரண்டாண்டு முடிவதற்குள்ளும் இறந்துபோனதாக அது கணக்கிட்டது. பெரியவர்கள் இக்கிருமியுடன் சிகிச்சையின்றியும் சில ஆண்டுகள் நடமாடுவதுண்டு. பச்சிளங் குழந்தைக்கு அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. பின்னர் 2008-இல் தென்னாப்பிரிக்காவில் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. தொற்றிய குழந்தைகளுக்கு நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல், பிறந்து மூன்று மாதத்திற்குள்ளாகவே கூட்டு மருந்து தொடங்கியபோது, நூற்றுக்கு 16 என்றிருந்த மரணம் 4 ஆகக் குறைந்தது. தொற்றிய குழந்தையும் பிழைக்கும்; காலந்தாழ்த்தாமல் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

தாய்ப்பாலா, புட்டிப்பாலா?

தாய்ப்பால் வழியே கிருமி செல்லக்கூடும் எனில், தாய்ப்பாலை நிறுத்திவிட்டால் என்ன என்று எவருக்கும் தோன்றுவது இயல்பே. இக்கேள்விக்கு ஆப்பிரிக்காவிலுள்ள போட்ஸ்வானா நாட்டின் அனுபவம் தெளிவான விடை தருகிறது. அந்நாட்டு அரசாங்கம் நல்லெண்ணத்துடன், தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குப் பால் பொடியை இலவசமாக வழங்கியது. அங்கு நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், தாய்ப்பால் அருந்திய குழந்தைகளைவிடப் பால் பொடி அருந்திய குழந்தைகளுக்குத் தொற்றுக் குறைவாகவே இருந்தது. ஆனால் ஏழு மாதத்திற்குள் அவற்றுள் நூற்றுக்கு 9 இறந்தன. தாய்ப்பால் அருந்தியவற்றுள் இறந்தவை 5 மட்டுமே. பதினெட்டு மாத முடிவில், தொற்றின்றி உயிருடன் இருந்த குழந்தைகளின் கணக்கில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கிருமியிடமிருந்து தப்பிய குழந்தைகள் வயிற்றுப்போக்குக்கும் நுரையீரல் காய்ச்சலுக்கும் பலியாயின.

அதே 2006-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் பெருமழை பெய்தது. குடிநீர் மாசுற்றது. வயிற்றுப்போக்குப் பரவிக் குழந்தைகள் நூற்றுக்கணக்கில் மாண்டன. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தாய்ப்பால் அருந்தாதவை என்பது தெரியவந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் ஊர்க் கிணறுகளும் குழாய்களும் என்ன நிலையை அடைகின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

எனவே, கூட்டு மருந்தைத் தவறாமல் உட்கொள்ளும் தாய், முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது சிறந்தது. 'மட்டுமே' என்னும் சொல் இங்கு மிக முக்கியமானது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் பகுதியில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், தாய்ப்பாலுடன் கஞ்சி, கூழ் போன்ற உணவும் ஊட்டப்பட்ட குழந்தைகளுக்குத் தொற்றும் வாய்ப்பு, தாய்ப்பால் மட்டும் அருந்திய குழந்தைகளுக்கு இருந்ததைப்போல் ஏறத்தாழ 11 மடங்காக இருந்தது. வேற்றுணவு குழந்தையின் மெல்லிய குடற்சுவரைப் புண்படுத்துவதால் கிருமி எளிதில் உட்புகுகிறது என்று மருத்துவர்கள் கருதுகின்றனர். புட்டிப்பாலையே கொடுப்பது என்று மருத்துவரின் ஆலோசனையின் பேரில் தீர்மானித்த தாயும், அதனை மட்டுமே கொடுத்தல் வேண்டும். இரண்டையும் கலந்து கொடுப்பது இரண்டின் தீமையையும் ஒருங்கே தருவதாகும்.

நம் கிராமங்களில் குழந்தை பிறந்ததும் சேனை தொட்டு வைப்பதும், சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், வசம்பு முதலியவை கொடுப்பதும் வழக்கமாக இருந்துவந்துள்ளன. மூத்தோர் அன்பினால் செய்வதே ஆயினும், எந்தக் குழந்தைக்கும் இவை நன்மை தருவதில்லை. தொற்றுள்ள தாயின் குழந்தைக்கோ இவை பேராபத்து. "என் குழந்தைக்கு இவற்றைக் கொடுக்காதீர்கள்" என்று அத்தாய் மறுத்தால், "ஏன்?" என்ற கேள்வி எழும், அக்கேள்விக்கு அஞ்சியே அவள் வாளாவிருக்க நேரிடும். ஊரில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பது பொதுவழக்கமாகிவிட்டால், அத்தாயை ஒருவரும் தனித்து நோக்கமாட்டார்கள். ஆறு மாதத்திற்குப் பின்னர் இணை உணவுடன் தாய்ப்பாலும் தொடர வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். திடீரென நிறுத்துதல் கூடாது.

தொற்றில்லாத குழந்தைக்கும் கவனம் தேவை

பதினெட்டாவது மாதத்தில் தொற்றில்லை என்று அறிந்த பின்னர், கவலை முழுவதும் நீங்கிவிட்டதாக எண்ணுதல் சரியன்று. மேலே கூறிய 2004-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, தாயிடமிருந்து தொற்றுப் பெறாத குழந்தைகளுள்ளும் நூற்றுக்கு 7 அல்லது 8 இரண்டாண்டுக்குள் இறந்தன. தாயை இழந்த குழந்தைகள் இறக்கும் வாய்ப்பு, தாயுள்ள குழந்தைகளுக்கு இருந்ததைவிட இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. பாலும் பராமரிப்பும் தருபவள் தாயே என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. கிருமியிலிருந்து குழந்தையைக் காப்பாற்றிவிட்டுத் தாயைக் கைவிட்டால் பயனில்லை. பிரசவத்திற்குப் பின்னும் அவள் நாள்தோறும் மருந்து உட்கொள்வதும், சத்துள்ள உணவு பெறுவதும் குழந்தையின் உயிருக்கு அரண்களாகும். வீட்டில் எவருக்கேனும் நெடுநாள் இருமல் இருப்பின் காசநோய்க்குப் பரிசோதனை செய்தலும், குழந்தைக்குத் தடுப்பூசிகளை மருத்துவர் கூறும் முறைப்படி போடுதலும் அவசியம்.

தாய்வீடு செல்லும் காலம்

நம் நாட்டு வழக்கத்தில் ஒரு நுட்பமான இடையூறு உண்டு. தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்வதும், குழந்தை பிறந்து மூன்று அல்லது ஐந்து மாதங்கள் கழித்துப் புகுந்த வீடு திரும்புவதும் நெடுநாள் மரபு. அவள் பதிவு செய்துகொண்டது ஓர் ஊர். பிரசவம் நடப்பது வேறோர் ஊர். கூட்டு மருந்து தீரும் காலமும், குழந்தையின் ஆறாவது வாரப் பரிசோதனையும் இடையிலே வந்துவிடுகின்றன. இரண்டு ஊர்ச் செவிலியரும் மற்றவர் கவனித்துக்கொள்வார் என்று எண்ணிவிட்டால், குழந்தை இருவர் கணக்கிலும் இல்லாமற்போகும். கரும்பு வெட்டவும் செங்கல் சூளை வேலைக்கும் குடும்பத்துடன் வெளியூர் செல்வோருக்கும் இதே நிலைதான். ஊரைவிட்டுப் புறப்படும் முன்னரே நம்பிக்கை மைய ஆலோசகரிடமும் சிகிச்சை மையத்திலும் தெரிவித்தால், போதிய மருந்தைப் பெற்றுக்கொள்ளவும், செல்லும் ஊருக்கு அருகிலுள்ள மையத்தில் சிகிச்சையைத் தொடரவும் ஏற்பாடு செய்வர்.

பஞ்சாயத்தின் கடமை

இவ்வளவும் மருத்துவத் துறையின் வேலையாயிற்றே, பஞ்சாயத்து இதில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் வினவலாம். பஞ்சாயத்து செய்யக்கூடாத ஒன்றை முதலில் கூறிவிடுகிறோம். நம் ஊரில் தொற்றுள்ள தாய் யார் என்று எவரும் கேட்டறிய முற்படலாகாது. 2017-இல் இயற்றப்பட்டு, 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரின் தொற்று நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடை செய்கிறது. கல்வி, வேலை, மருத்துவம் ஆகியவற்றில் அவருக்கு வேற்றுமை காட்டுவதையும் தடுக்கிறது. பெயர் வெளிப்பட்டுவிடும் என்ற அச்சமே ஒரு தாயை மருந்தகத்தின் வாயிலிலிருந்து திருப்பி அனுப்பிவிடப் போதுமானது. அவ்வச்சத்தின் விலையைக் குழந்தைதான் செலுத்த வேண்டியிருக்கும்.

யார் என்று அறியாமலே அத்தாய்க்கு உதவ முடியும். எல்லாத் தாய்மாருக்கும் செய்யும் உதவி அவளையும் சென்றடையும். ஊரிலுள்ள ஒவ்வொரு கர்ப்பிணியும் மூன்று மாதத்திற்குள் பதிவு செய்துகொள்ளவும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பயனைப் பெறவும் அங்கத்தினர்கள் தூண்டுதல் வேண்டும். மேல்நிலைத் தொட்டியைக் காலந்தவறாமல் கழுவிக் குளோரின் கலப்பதையும், அங்கன்வாடியில் சத்துணவு முறையாக வழங்கப்படுவதையும் கண்காணித்தல் வேண்டும். தாய்வீடு வந்துள்ள பெண்களும் அவர்களுடைய குழந்தைகளும் செவிலியரின் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று பொதுவாக விசாரித்தல் நன்று. கிராம சபையில் பரிசோதனையைப் பற்றியும் தாய்ப்பாலைப் பற்றியும் செவிலியரைப் பேசச் செய்யலாம். ஐயமுள்ள எவரும் 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைத்துத் தம் பெயரைக் கூறாமலே விளக்கம் பெறலாம் என்பதையும் அறிவிக்கலாம்.

விவசாயப் பெருமக்களுக்கும் இதில் பங்குண்டு. நடவுக்கோ அறுவடைக்கோ வரும் பெண், "நாளை மருத்துவமனைக்குப் போக வேண்டும்" என்றால், காரணத்தைத் துருவிக் கேளாமல் விடுமுறை அளிப்பது ஒரு சிறு உதவியே. ஆனால், மருந்து வாங்கும் நாள் தவறாமலிருக்க அது துணைசெய்யும்.

தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை நிறுத்திய நாடுகள் இன்று பல உள்ளன. 2015-இல் கியூபாவும், 2016-இல் தாய்லாந்தும், 2019-இல் நமது அண்டை நாடான இலங்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தைப் பெற்றன. 2006-இல் பெருந்துயருக்கு ஆளான போட்ஸ்வானாவும், பின்னர் பாலூட்டும் தாய்க்கே சிகிச்சை அளிக்கும் வழியை மேற்கொண்டு, இந்த இலக்கை நோக்கிய முன்னேற்றத்துக்கான அந்நிறுவனத்தின் சான்றிதழை 2021-இல் பெற்றது. மருந்து நம்மிடமும் உண்டு; மருத்துவ நிலையங்களும் உண்டு. கர்ப்பப் பதிவு முதல் பதினெட்டாவது மாதப் பரிசோதனை வரையிலான ஒவ்வொரு படியையும் தாய் அச்சமின்றிக் கடப்பதற்குரிய ஊரை அமைப்பதே நம்மிடம் எஞ்சியுள்ள பணி. அத்தகைய ஊரை அமைப்பது எந்தத் திட்டச் செலவிலும் அடங்காத, ஆனால் ஒவ்வொரு பஞ்சாயத்தாலும் செய்து முடிக்கக்கூடிய அபிவிருத்தி வேலை என்பதே எமது துணிபு.